எஞ்சினுக்கு எண்ணெய்: அசிரத்தையால் விளையும் நஷ்டம்

நெய்த சேலையும் விளைந்த மஞ்சளும் இருந்த இடத்திலேயே இருந்தால் காசாகமாட்டா. அவற்றைச் சங்கத்துக்கும் சந்தைக்கும் கொண்டு சேர்க்க வாகனம் வேண்டும். முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த அவ்வேலையை இன்று மோட்டார் சைக்கிளும், மூன்று சக்கரச் சரக்கு வண்டியும், சிறு லாரியும், டிராக்டரும் செய்கின்றன. நம் அங்கத்தினர் பலர் இவற்றுள் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கின்றனர். சங்கங்கள் சிலவும் தம் உபயோகத்துக்கென வாகனம் வாங்கியுள்ளன. ரொக்கம் கொடுத்து வாங்கியவர் சிலர். கடன் பெற்று வாங்கியவர் பலர். வண்டி சாலையில் ஓடினாலும் தவணை வரும்; பட்டறையில் நின்றாலும் தவணை வரும்.

இந்நிலையில், கவனமாகச் செய்தால் வாகனத்தின் ஆயுளை நீட்டிப்பதும், அசிரத்தையாகச் செய்தால் அதே ஆயுளை ஒரே நாளில் முடித்துவிடுவதுமான ஒரு சிறு வேலையைப் பற்றி அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். எஞ்சின் எண்ணெய் மாற்றுதலே அவ்வேலையாகும்.

"இதில் என்ன இருக்கிறது? பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவதுதானே!" என்று வண்டிக்காரர் நினைக்கிறார். பட்டறைக்காரரும் பெரும்பாலும் அவ்வாறே நினைக்கிறார். ஆகவேதான், எஞ்சினைப் பிரித்துக் கட்டும் வேலையைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுக்கும் பட்டறை, எண்ணெய் மாற்றுவதை நேற்றுச் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிடுகிறது. காலையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வண்டிக்கு அடியில் படுத்துப் பையன் போல்ட்டைக் கையால் மாட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். திரும்பி வந்தவன், அந்த வண்டி முடிந்துவிட்டதென்று எண்ணி அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறான். ஸ்பானரால் இறுக்காத போல்ட் இறுக்காதபடியே நிற்கிறது. சொந்தக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். எண்ணெய் மாற்றுவதில் நேரும் தவறுகளில் பல, கெட்ட எண்ணத்தால் நேர்வன அல்ல. இவ்விதம் பாதியில் விட்டு மறந்த வேலையால் நேர்வனவே. ஆகையால் அவற்றைத் தடுக்கும் வழியும் நம் கைக்கு எட்டாததன்று.

எண்ணெய் செய்யும் பணி

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இடாமல் யாரும் சந்தைக்கு ஓட்டிச் சென்றதில்லை. அச்சும் குடமும் உராய்ந்து தேய்ந்துவிடும் என்பதை உழவர் அறிவர். எஞ்சினில் இவ்வுராய்வு பன்மடங்கு கடுமையானது. நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில், கிராங்க் ஷாப்ட் எனப்படும் முதுகெலும்பு போன்ற தண்டு விநாடிக்கு 33 முறைக்கு மேல் சுழல்கிறது. அத்தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள சந்து ஒரு தலைமயிரின் பருமனுக்கு மேற்படாது. அச்சந்தில் பம்பினால் அழுத்தித் தள்ளப்படும் எண்ணெயே தண்டை மிதக்க வைக்கிறது. எண்ணெய் உள்ளவரையில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெய் நின்றால், சில நிமிஷங்களில் பேரிங் உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்று பட்டறையில் சொல்லுகிறார்கள்.

எண்ணெய்க்கு வேறு பணிகளும் உண்டு. தண்ணீர் எட்டாத பிஸ்டன், பேரிங் முதலிய பாகங்களின் சூட்டை அது வாங்கிக்கொண்டு வருகிறது. எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத்தூளையும் சுமந்து சென்று பில்டரில் சேர்க்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் அமர்ந்து அழுத்தம் வீணாகாமல் காக்கிறது. துருப் பிடிக்காமலும் தடுக்கிறது. இத்தனை வேலை செய்யும் எண்ணெய் நாளடைவில் அழுக்கேறிச் சக்தி இழப்பது இயல்பே. அதனால்தான் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. டிராக்டருக்கு இக்கணக்கு கிலோமீட்டரில் அல்லாமல் ஓடிய மணியில் வரும். 250 மணிக்கு ஒரு முறை என்பது பல டிராக்டர்களுக்கு உரிய அளவாகும். தம் வண்டிக்கு உரிய கணக்கை உற்பத்தியாளர் தந்த கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்வதே முறை.

தவறு நேரும் இடங்கள்

முதலாவது, டிரெயின் போல்ட். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியில் இது இருக்கிறது. இறுக்காமல் விட்டால் ஓட்டத்தின் அதிர்ச்சியில் சிறிது சிறிதாகத் தளர்ந்து வழியில் கழன்று விழும்; எண்ணெய் முழுவதும் சாலையிலே போய்விடும். இதற்கு அஞ்சிப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவதும் தவறு. பல வாகனங்களில் இத்தொட்டி அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை அழிந்துவிடும். மரை அழிந்த போல்ட் அன்றைக்கு நிற்பதுபோல் தோன்றினாலும் அடுத்த முறை பிடிக்காது. சில இடங்களில் பசையைத் தடவியும் நூலைச் சுற்றியும் மாட்டி அனுப்பிவிடுகின்றனர். இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு என்ற கருவியைக் கொண்டு இறுக்குவதே நேர்மையான வேலை. போல்ட்டுக்கு அடியில் உள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கி ஒழுக்கை அடைப்பதற்கென்று அமைந்தது. அதைப் புதிதாக மாற்ற ஆகும் செலவு சில ரூபாய்களே. அதை மிச்சப்படுத்தப்போய்ச் சொட்டுச் சொட்டாக எண்ணெயை இழப்பதில் லாபம் எதுவும் இல்லை.

இரண்டாவது, ஆயில் பில்டர். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனியாமல் அதன்மேல் புதிய பில்டரை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். பட்டறையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு துளியும் ஒழுகாது. சாலையில் வேகமெடுத்து எண்ணெயின் அழுத்தம் உயர்ந்ததும் வளையம் பிதுங்கும். சில நிமிஷங்களில் எஞ்சின் வறண்டுபோகும். புதிய பில்டரின் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் பில்டரின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்குக் கையால் திருகுவதே சரியான முறை. "எண்ணெயை மட்டும் மாற்றுங்கள், பில்டர் அடுத்த முறை ஆகட்டும்" என்று சிக்கனம் பேசுவோரும் உண்டு. அடைபட்ட பில்டரில் வழி இல்லாதபோது, எஞ்சின் வறண்டுவிடாதபடி ஒரு வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். புது எண்ணெயில் பழைய அழுக்கு கலந்து ஓடுவதற்கு நாமே பணம் கொடுத்ததாக ஆகும்.

மூன்றாவது, அளவு. குறைந்தால் ஆபத்து என்பதை யாவரும் அறிவர். சிறு எஞ்சினில் இது எவ்வளவு கடுமையானது என்பதைப் பலர் அறியார். சிறு மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் எண்ணெய். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகும். அளவு மிகுந்தாலும் கேடே. மிகுந்த எண்ணெயைச் சுழலும் தண்டு மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் பேரிங்குக்குப் போதிய எண்ணெய் சேராது. டீசல் எஞ்சினில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மிகுந்த எண்ணெய் காற்று வழியாக உள்ளே இழுக்கப்பட்டால், எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்தாற்போல் ஓடித் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளக்கூடும்.

நான்காவது, தவறான போல்ட்டைக் கழற்றுதல். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனியே டிரெயின் போல்ட் இருக்கும். சில வாகனங்களில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. பழகாத கை கியர் பெட்டியின் எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினில் புதிய எண்ணெயை ஊற்றிவிடுகிறது. இதனால் கியர் பெட்டி வறண்டும் எஞ்சின் இருமடங்கு நிரம்பியும் வண்டி வெளியே போகிறது. ஒரே தவறில் இரண்டு பாகங்கள் கெடுகின்றன.

ஐந்தாவது, சுத்தமின்மை. பழைய எண்ணெய் வடிந்தபின் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி அலசும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அலசியது முழுவதும் வடிந்துவிடுவதில்லை. தங்கியது புதிய எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் ஊற்றும் புனலையும் குவளையையும் துடைக்கப் பனியன் வேஸ்டும் கழிவு நூலும் பயன்படுகின்றன. நம் தறிகளிலும் திருப்பூர் ஆலைகளிலும் மீந்த அப்பொருளின் இழை எவ்வளவு எளிதில் பிரிந்து வரும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவ்விழைகள் உள்ளே விழுந்தால் எண்ணெய் பம்பின் வலைக் கண்களை அடைத்துக்கொள்ளும். இழை உதிராத துணியே இவ்வேலைக்கு உகந்தது.

எந்த எண்ணெய்?

எண்ணெய் எல்லாம் ஒன்றே என்ற நினைப்பும் நஷ்டத்துக்கு ஒரு வாயில். டப்பாவின்மேல் 15 டபிள்யூ 40 என்பது போன்ற குறி காணப்படும். முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் ஓடும் தன்மையையும், இரண்டாம் எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையையும் குறிப்பன. எண் பெரியதாக இருந்தால் எண்ணெய் உயர்ந்தது என்று கொள்ளுதல் தவறு. எஞ்சினின் சந்துக்கும் பம்புக்கும் ஏற்ற எண் எதுவோ அதுவே உயர்ந்தது. இதனுடன் அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறியும் இருக்கும். எஸ் என்ற எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கும், சி என்ற எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியன.

மோட்டார் சைக்கிளில் எஞ்சினும் கிளட்சும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில் நனைந்து ஓடுகின்றன. காருக்கென்று செய்த எண்ணெய்கள் சிலவற்றில் வழுக்கலை மிகுவிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் பிடிக்காமல் நழுவும். மூட்டை ஏற்றி மேட்டில் ஏறும்போதுதான் குறை வெளிப்படும். இவ்வகை வண்டிக்கு ஜாசோ எம்.ஏ. என்ற குறியுள்ள எண்ணெய் தேவை.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலில் உள்ளது. அதன்படி வந்த டீசல் வாகனங்கள் பலவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சாம்பல் மிகுதியாக விடும் பழைய வகை எண்ணெயை இவ்வண்டிகளில் ஊற்றினால், அந்தச் சாம்பல் வடிகட்டியில் படிந்து அதை அடைத்துவிடும். கரியை எரித்துப் போக்கலாம். சாம்பலை எரித்துப் போக்க இயலாது. வடிகட்டியோ விலை மிகுந்தது. "இருபது வருஷமாக இந்த எண்ணெயைத்தான் ஊற்றுகிறோம்" என்று பட்டறையில் சொல்லும் ஆறுதல் இவ்வண்டிகளுக்குப் பொருந்தாது.

டிராக்டர் வைத்திருப்போர் மேலும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளவேண்டும். எண்ணெயில் நனைந்த பிரேக் உள்ள பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், பிரேக் ஆகிய மூன்றுக்கும் ஒரே விசேஷ எண்ணெய் உபயோகமாகிறது. அதற்குப் பதிலாகச் சாதாரணக் கியர் எண்ணெயை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும். பிடிப்புக் குறைந்து விரைவில் தேயும். எண்ணெய்க் கிண்ணம் வைத்த காற்று வடிகட்டி உள்ள டிராக்டர்களில், கிண்ணத்தில் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றினால், அந்த எண்ணெயை எஞ்சின் இழுத்துக்கொள்ளும். அளவு மிகுந்த எண்ணெயால் டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும் என்று மேலே கூறிய ஆபத்து இங்கும் உண்டு.

சொந்தக்காரர் செய்யவேண்டுவன

இவ்வளவையும் படித்து அங்கத்தினர் யாவரும் மெக்கானிக் ஆகிவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. சங்கத்தில் நூல் வாங்கும் நெசவாளர் அதை எடைபோட்டுப் பார்த்தே வாங்குகிறார். நெய்த துணியைச் சங்கமும் அளந்து பார்த்தே பெற்றுக்கொள்கிறது. இதனால் ஒருவரையொருவர் சந்தேகித்ததாக எவரும் எண்ணுவதில்லை. அந்த வழக்கத்தையே பட்டறையிலும் கைக்கொண்டால் போதும்.

வேலை நடக்கும்போது வண்டிக்கு அருகில் நிற்கவேண்டும். தேநீர் குடித்துவிட்டு வருவதை அரை மணி தள்ளிப்போடலாம். எண்ணெய் டப்பாவை நம் கண் முன்னே திறக்கச் சொல்லவேண்டும். முத்திரை உடையாதிருக்கிறதா என்றும், அளவு, விலை, தயாரித்த மாதம் ஆகியவை அச்சிட்டிருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். பீப்பாயிலிருந்து குவளையில் மொண்டு ஊற்றும் லூஸ் எண்ணெயின் தரத்தை ஊற்றுபவரே அறிவார் என்று சொல்வதற்கில்லை. காலி டப்பாவை வெட்டியோ துளையிட்டோ விடுவது நல்லது. முழு டப்பா போலி எண்ணெய் நிரப்பி விற்போர் கைக்குப் போய்ச் சேர அது இடந்தராது.

பழைய எண்ணெய் வடிந்தபின், புதிய வாஷர் போட்டு டிரெயின் போல்ட்டை ஸ்பானரால் இறுக்கியதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பழைய பில்டரைக் கையில் வாங்கி அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வளையம் இல்லையானால் அது எஞ்சினில் ஒட்டியிருக்கிறது என்பது உறுதி.

புதிய எண்ணெய் ஊற்றியதும், எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே அளவு பார்க்கவேண்டும். டிப்ஸ்டிக் என்னும் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் எடுத்தால் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கவேண்டும். வண்டி சமதரையில் இருப்பது அவசியம். டீசல் எஞ்சினில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. புதிய எண்ணெய் தேன் நிறமாக இருக்கும்; எஞ்சின் சிறிது ஓடியதுமே பழைய கரியோடு கலந்து கறுத்துவிடும். ஓட்டியபின் பார்த்து, "எண்ணெயை மாற்றவே இல்லை" என்று பட்டறைக்காரரோடு வழக்காடுவது நியாயமாகாது. ஓட்டுமுன் பார்த்தவருக்கு வழக்கே இல்லை.

பிறகு எஞ்சினைக் கிளப்பவேண்டும். எண்ணெய்க் குடுவையைப் போன்ற சிவப்பு விளக்கு உள்ள வண்டியானால், அது சில விநாடிகளில் அணையவேண்டும். இரண்டொரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, வண்டிக்கு அடியில் ஒழுக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். சில நிமிஷம் பொறுத்து மீண்டும் அளவு பார்த்தால், பில்டர் குடித்த எண்ணெய்க்காகச் சிறிது ஊற்றவேண்டியிருக்கலாம். மறுநாள் காலையில் வண்டி நின்ற தரையை ஒரு முறை பார்த்தால் போதும், வேலை முடிந்தது.

சாலையில் போகும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணலாகாது. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும். அந்த இடத்தில் நின்றால் செலவு ஒரு டப்பா எண்ணெயும் ஒரு போல்ட்டும் ஆக இருக்கலாம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஓர் எஞ்சின் ஆகலாம். தீபாவளிக்கு முன்வாரம் சேலைக் கட்டுகளோடு வண்டி நின்றால் போகும் வியாபாரத்தையும், கத்தரித் தக்காளி ஏற்றிய வண்டி வெயிலில் நின்றால் அழுகும் சரக்கையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

கழிவு எண்ணெயும் உடல்நலமும்

எண்ணெய் மாற்றுவதில் எஞ்சினுக்கு உள்ள ஆபத்தோடு, அதைச் செய்கிறவருக்கு உள்ள ஆபத்தையும் சொல்லவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். இப்போதுதான் ஓடி நின்ற எஞ்சினின் எண்ணெய் கையைச் சுட்டுவிடும்.

தோலுக்கு வரும் தீங்கு மெதுவாக வருவது. இதைப் பற்றி நூல் தொழிலின் சரித்திரமே பாடம் சொல்லுகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் மியூல் என்னும் நூற்பு யந்திரத்தை ஓட்டியோரின் ஆடைகள் கதிர்களிலிருந்து தெறித்த கனிம எண்ணெயில் நாள்தோறும் நனைந்தன. ஆண்டுகள் பல சென்றபின் அவர்களுக்குத் தோலில் புற்றுநோய் கண்டது. அந்நோய்க்கும் அவர்கள் தொழிலுக்கும் உள்ள தொடர்பை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922இல் எடுத்துக்காட்டினர். 1953இல்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த எண்ணெயைக் குறித்து விசேஷ விதி இயற்றியது. எஞ்சினில் ஓடிப் பழையதான எண்ணெயில் இத்தகைய தீய பொருள்கள் சேர்கின்றன. பட்டறைப் பையன்கள் முழங்கைவரை நனைந்து நிற்பதைக் காணும்போது, கையுறை வாங்கிக் கொடுக்கும்படி சொந்தக்காரரிடம் சொல்லுதல் நம் கடமை.

வடித்த எண்ணெயை வாங்கி வந்து கறையானுக்கென்று மரத்தில் பூசுவதும், வாய்க்காலில் கொட்டுவதும் விலக்கத்தக்கன. ஒரு லிட்டர் கழிவு எண்ணெய் பத்து லட்சம் லிட்டர் நல்ல நீரைக் கெடுக்கும் என்ற கணக்கை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தந்துள்ளது. கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்வோருக்கும், சாயமிடுவதற்கு நல்ல நீரைத் தேடுவோருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெய் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே போய்ச் சேரவேண்டும். எண்ணெய் தயாரிப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்னும் விதி 2024 ஏப்ரல் 1 முதல் அமலாகியுள்ளது.

சங்கத்தின் பங்கு

1844 டிசம்பர் 21ஆம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியனவே சரக்கு. கலப்படமில்லாத பொருளும் குறையாத எடையும் கிடைக்கவேண்டும் என்பதே அவர்கள் ஒன்றுகூடியதற்கு ஒரு முக்கிய காரணம். கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையிலிருந்து வளர்ந்து உலகெங்கும் பரவியது. தனி மனிதராகக் கடைக்காரர் முன் நின்றபோது கேட்க இயலாத கேள்வியை அவர்கள் சங்கமாகக் கேட்டனர். எண்ணெய் விஷயத்திலும் நாம் அவ்வாறே செய்யலாம்.

சங்கத்தின் வாகனத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர் அல்லது மணி, எண்ணெயின் வகை, அளவு, பில்டர் மாற்றியது, அடுத்த முறை மாற்றவேண்டிய கணக்கு ஆகியவற்றை எழுதவேண்டும். அருகில் நின்று பார்த்தவர் அதில் கையொப்பம் இடவேண்டும். பேரேட்டில் ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கும் நாம், பல லட்சம் பெறும் வாகனத்துக்கு இவ்வளவு கேட்பது மிகையன்று. அங்கத்தினர் பலருக்குத் தேவையான எண்ணெயையும் பில்டரையும் முத்திரை உடையாத டப்பாக்களாக அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து சங்கமே மொத்தமாக வாங்கி வழங்கலாம். நல்ல பட்டறை ஒன்றைத் தேர்ந்து, வேலை முறையையும் கூலியையும் பேசி முடித்து, அங்கத்தினரின் வண்டிகளை அங்கே அனுப்பலாம். நிரந்தரமாக வேலை வருவதால் பட்டறைக்காரரும் அவசரமின்றிச் செய்ய இடமுண்டாகும். நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுப்பதில் நாம் கை குறுகலாகாது. பத்து நிமிஷத்தில் செய்யச் சொல்லி நெருக்குவதும் நம் தவறே.

கவனக்குறைவால் எஞ்சின் கெட்டால், நஷ்ட ஈடு கேட்க வழி உண்டு. 2020 ஜூலை முதல் அமலில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடான சேவைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய எண்ணில் ஆலோசனையும் பெறலாம். வியாபார நோக்கத்துக்காகப் பெறும் சேவை இச்சட்டத்தில் சேராது என்ற விலக்கு இருப்பதால், வாடகைக்கு ஓட்டும் வண்டிகளைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வாறாயினும் கையில் ரசீது வேண்டும். எண்ணெயின் பெயர், தரம், அளவு, வண்டி எண், தேதி ஆகியவை எழுதிய ரசீது இல்லாமல், அந்த வேலை அங்கேதான் நடந்தது என்பதை நிரூபிப்பதே கடினமாகிவிடும். ரசீது கேட்பதால் கூலி சற்று ஏறினாலும் அதைக் கொடுத்தல் நலம்.

எண்ணெயின் பெயரையும் எண்ணையும் நினைவில் வைக்க இயலாதவர், கைப்புத்தகத்தில் உள்ளதை ஒரு காகிதத்தில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை வண்டி பட்டறைக்குப் போகும்போது நாமும் உடன் சென்று, போல்ட்டையும், வளையத்தையும், அளவுக் கம்பியையும் கண்ணால் பார்த்துத் திரும்புவோமாக. அரை மணி நேரத்தைச் செலவிட்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் எஞ்சினைக் காத்துக்கொள்வது, கடனில் வாங்கிய உடைமைக்கு நாம் செய்யக்கூடிய மலிவான காவலாகும். இதனை ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசி, குறிப்புப் புத்தகம் ஒன்றை அன்றே தொடங்கவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.